ஞானசிகாமணி சார் தூக்கிய பிள்ளைகள்

ஞானசிகாமணி சார் இறந்துபோன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆலடிக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. அவர் அதற்கு முன்னால் பிறந்திருக்கவில்லை என்பது மட்டும்தான் அதில் இருந்த சிக்கல்.

செய்தியை முதலில் பார்த்தவர்களில் ராஜகனியும் ஒருத்தி. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ‘கனி டிஜிட்டல்’ என்ற பிளக்ஸ் கடை அவளுடையது. சடங்கு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் கணினி வழியாகத்தான் வெளியே வரும். அந்தப் பழக்கத்தில், ‘கூடம்’ செயலியில் இருக்கும் ‘ஆலடிக்குறிச்சி சொந்தங்கள்’ குழுவையும் அவளே நடத்திவந்தாள். ஊரில் இருப்பவர்களைவிட ஊரை விட்டுப் போனவர்கள்தான் அதில் அதிகம். திருப்பூரில் பனியன் தைக்கிறவர்கள், பரோடாவில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கள், கத்தாரில் வண்டி ஓட்டுகிறவர்கள். ஊர்ப்பேச்சு காதில் விழுந்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

பதிவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரின் படம் இருந்தது. எங்கேயோ பார்த்த முகம். எங்கே என்று சொல்ல முடியாத முகம். கீழே இரண்டே வரி. “நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்வில் விளக்கேற்றிய ஆசிரியர் திரு. ஞானசிகாமணி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். அவரை அறிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

ராஜகனி கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். சற்று நேரம் கழித்துத்தான் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நீலப் புள்ளியைக் கவனித்தாள். புள்ளி இருந்தால் அது மனிதர் எழுதியதல்ல, ஊக்கி எழுதியது. ஒவ்வொரு குழுவுக்கும் கூடம் நிறுவனம் ஒரு ஊக்கியைக் குடிவைத்திருந்தது. குழு தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இயந்திரம் எழுதியதற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு பெரிய அடையாளம் என்று சொல்லவில்லை. அதனால் புள்ளி கடுகில் பாதி இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வட்டாரத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். யாரிடமாவது மொய்யைக் கொடுத்துவிட்டால் போதும். துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. சாவு வீட்டு வாசலில் முகம் காட்டாதவனோடு இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும். போனவனும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. செத்தவரைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவாகப் பழக்கம் இல்லை என்றாலும் சொல்ல வேண்டும். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. மரியாதை என்றுதான் நினைக்கிறார்கள்.

ஆகவே சொன்னார்கள். மதியத்துக்குள் ஞானசிகாமணி சார் ஒருவருக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தார். சாயங்காலம் இன்னொருவருக்குத் தமிழ் எடுத்தார். பச்சை சைக்கிளில் வந்தார். மதியச் சோறு கொண்டுவராத பிள்ளைக்குத் தன் டப்பாவைக் கொடுத்தார். சாரின் மகன் என்று ஒருவர், அவருக்கும் புள்ளி உண்டு, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். “அந்தப் பச்சை சைக்கிளை அப்பா கடைசிவரை விற்கவே இல்லை.”

ராஜகனிக்குச் சிரிப்பு வந்தது. அழித்துவிடலாம் என்று நினைத்தாள். இவ்வளவு பேர் ஒன்றுகூடி அந்தக் குழுவில் அவள் பார்த்ததில்லை. இரண்டு நாள் கிடக்கட்டும் என்று விட்டாள்.

மூன்றாம் நாள் அவளை நாற்காலியிலிருந்து எழவைத்த வரி வந்தது. புள்ளி இல்லாத வரி. பெயரும் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ படம்.

“குளத்தில் பஸ் கவிழ்ந்த அன்று என்னைத் தூக்கி உயிர் கொடுத்தவர் இவர்தான்.”

அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். குளத்தில் பஸ் கவிழ்ந்த அன்று பிள்ளைகளைத் தூக்கியவன் அங்கே சைக்கிள் ஸ்டாண்டு வாசலில் உட்கார்ந்து, டோக்கனைத் தொலைத்த ஒருவனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். தவசிக்கனி. அவளுடைய அண்ணன்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. ஐப்பசி மழையில் பள்ளிக்கூட மினிபஸ் கரையிலிருந்து குளத்துக்குள் சரிந்தது. அப்போது லாரி கிளீனராக இருந்த தவசி மறுகரையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். நீந்திப் போய், மூழ்கி மூழ்கி ஒன்பது பிள்ளைகளை வெளியே எடுத்தான். ஜன்னல் கண்ணாடி தோளைக் கிழித்ததில் வலது கை அதோடு தோளுக்கு மேலே எழவில்லை. கிளீனர் வேலையும் போயிற்று. மறுநாள் செய்தித்தாளில், “அப்பகுதி மக்கள் குழந்தைகளை மீட்டனர்” என்று ஒரு வரி வந்தது. அன்று மழையில் யாரும் படம் எடுக்கவில்லை. தவசி அந்தப் பிள்ளைகளைத் தூக்கினான் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றவர்களுக்குத் தெரியும். வேறு எங்கேயும் அது இல்லை.

வருஷா வருஷம் அந்த நாளில், பிழைத்த பிள்ளைகள் வந்து அவனுக்கு வேட்டி துண்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு மட்டும் தவசி முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, யாரையும் ஏசாமல் இருப்பான். மற்ற நாட்களில் அவனைச் சகிப்பது கஷ்டம். குடிப்பான். கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய்ச் சத்தம் போடுவான். ஆனால் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் அவன் மற்ற நாட்களை ஓட்டினான் என்பது ராஜகனிக்குத் தெரியும்.

ரோஜாப்பூ வரிக்குக் கீழே வரிகள் சேர்ந்தன. “ஆமாம், சாரும் சைக்கிள் ஸ்டாண்டு தவசியும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.” அடுத்த நாள், “சார் தூக்கினார், தவசி கரையில் நின்று வாங்கினான்.” அதற்கு அடுத்த நாள் தவசி இல்லை.

ராஜகனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழுவைத் திறப்பாள், மூடுவாள், மூடிய விரல் எடுக்குமுன் மறுபடி திறப்பாள். கடைசியில், குழுவை நடத்துகிறவள் என்ற முறையில் ஒரு பதிவு போட்டாள். “ஞானசிகாமணி என்று நம் ஊரில் ஆசிரியர் யாரும் இருந்ததில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றியது தவசிக்கனி.”

குழு பற்றி எரிந்தது. செத்தவரை அவமதிக்கிறாள் என்றார்கள். அண்ணனுக்குப் பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள். “அவர் காலில் விழுந்து கும்பிட்டவன் நான். எனக்குத் தெரியாதா?” என்று கத்தாரிலிருந்து ஒருவர் குரல் பதிவே அனுப்பினார். குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. அதுதான் ராஜகனியைப் பயமுறுத்தியது.

அந்த வருஷம் குளத்து நாளன்று தவசி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அன்றைக்கே பள்ளிக்கூட மைதானத்தில் ஞானசிகாமணி சாரின் படத்திறப்பு நடந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் பேருந்து நிலையம்வரை கேட்டது. மதியம் தவசி நாற்காலியை மடக்கி உள்ளே வைத்தான்.

கூடம் நிறுவனத்தின் தென்மாவட்டப் பொறுப்பாளர் ஃபர்ஹானா, ராஜகனி பத்து முறை புகார் அனுப்பிய பிறகு, நேரிலேயே வந்தாள். முப்பது வயதிருக்கும். சுறுசுறுப்பான பெண். ஊக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தான் வளர்த்த கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல முகம் மலர்ந்தது.

“அக்கா, ஒரு பதிவை முழுசா எழுதிட்டா யாரும் உள்ள வர மாட்டாங்க. பூட்டின வீடு மாதிரி. படிப்பாங்க, போயிடுவாங்க. ஊக்கி அதை ஒரே மாசத்துல கத்துக்கிச்சு. அதனால ஓட்டை விட்டு எழுதும்.”

“ஓட்டைன்னா?”

ஃபர்ஹானா எழுந்து கணினித் திரையைக் காட்டினாள். அதில் ராஜகனியின் அஞ்சலி டிசைன் ஒன்று திறந்திருந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே புறா. நடுவில் படத்துக்கும் பெயருக்கும் இடம் காலி.

“இது மாதிரிதான். நீங்க காலி இடம் விடுறீங்க, வர்றவங்க ஆளைக் கொண்டுவந்து ஒட்டுறாங்க. ஞானசிகாமணி என்ன பாடம் எடுத்தாருன்னு ஊக்கி சொல்லல. எந்த ஸ்கூல்னு சொல்லல. பேரைப் பாருங்க, கோயிலுக்குப் போறவரா சர்ச்சுக்குப் போறவரான்னு கண்டுபிடிக்க முடியாது. நெத்தியக்கூட வெறுமையா விட்டிருக்கு. ஒவ்வொருத்தரும் தன்கிட்ட இருந்ததை அந்த ஓட்டையில போட்டாங்க.”

“இப்படிப் பொய் சொல்லலாமா?”

“ஊக்கி ஒரே ஒரு பொய்தான் சொல்லிச்சு. ஒருத்தர் செத்துட்டாருன்னு. மிச்சத்தை எல்லாம் உங்க ஊர்தான் சொல்லிச்சு.” சொன்ன பிறகு ஃபர்ஹானாவுக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள். “ஒவ்வொரு ஊர்லயும் எதுக்கு ஜனங்க சேருறாங்கன்னு அது பார்க்கும். எங்க ஊர் குழுவில தண்ணி லாரிச் சண்டை மூட்டிவிட்டுச்சு. ரெண்டு தெருவுக்குப் பேச்சுவார்த்தை இல்ல. உங்க ஊர்ல அழ வைக்குது. அழறது பரவாயில்லைன்னு நான் நெனச்சேன்.”

“படத்திறப்பைக் குளத்து நாள்ல வச்சது யாரு?”

“வருஷா வருஷம் அன்னிக்குத்தான் உங்க குழுவில குளத்தைப் பத்திப் பேச்சு வருது. கூட்டம் வர்ற நாள்னு ஊக்கி குறிச்சிருக்கும்.”

“அந்தப் பதிவை எடுத்துருங்க.”

“முடியாதுக்கா. ஓரளவுக்கு மேல இரங்கல் சேர்ந்துட்டா அது நினைவுப் பக்கம் ஆயிடும். செத்தவங்க பக்கத்தை யாரும் இஷ்டத்துக்கு அழிக்கக் கூடாதுன்னு விதி. குடும்பத்துல யாராவது கேட்டாத்தான் எடுக்கலாம்.”

“அவருக்கு ஏதும்மா குடும்பம்?”

“மகன் இருக்காரே...” என்று ஆரம்பித்த ஃபர்ஹானா நிறுத்தினாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே தவசி யாரையோ ஏசுவது கேட்டது.

“மறுபடி நான் மறுத்து எழுதினா?” என்று கேட்டாள் ராஜகனி.

“எழுதாதீங்க. மறுப்பும் பதில்தான். ஆமான்னாலும் இல்லைன்னாலும் ஊக்கிக்கு ஒரே எடை. நீங்க போட்ட மறுப்பாலதான் அந்தப் பக்கம் ஒரு வாரம் எல்லாத்துக்கும் மேல நின்னுச்சு.” டீயைக் குடிக்காமலே எழுந்தாள். படியில் இறங்கும்போது திரும்பி, “உயிரோட இருக்கிறவங்களுக்கு அந்த மாதிரி ஓட்டை இருக்காதுக்கா. அவங்க எப்பப் பாத்தாலும் ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் தவசி மாடி ஏறி வந்தான். கடைக்குள் வரும் வழக்கம் அவனுக்கு இல்லை. மை வாடை ஆகாது.

“ஏட்டி, என்னைச் சாகடிச்சிரு.”

“என்னண்ணே பேச்சு இது?”

“கண்ணீர் அஞ்சலி ஒண்ணு போடு. என் படத்தை வச்சு. செத்தவனுக்குத்தானே மரியாதை செய்தாவ. நானும் செத்துப் பாக்குதேன்.”

“கோட்டியா பிடிச்சிருக்கு ஒனக்கு? உசிரோட இருக்கவனுக்கு அஞ்சலி அடிப்பாளா ஒருத்தி? அபசகுனம்.”

“பொறக்காதவனுக்கே படம் திறந்தாச்சு. எனக்கு என்ன அபசகுனம் வந்து வடியுது?” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குடித்திருக்கவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. “நான் எடுத்த புள்ளையள்ல ஒண்ணாவது என் பேரைச் சொல்லுதான்னு பாக்கணும் கனி. ஒண்ணு சொன்னாப் போதும்.”

ராஜகனி வெகுநேரம் யோசிக்கவில்லை. யோசித்தால் கை வராது என்று தெரியும். குத்துவிளக்கும் புறாவும் இருந்த டிசைனைத் திறந்தாள். ஃபர்ஹானா சொன்னது மனதில் இருந்தது. ஓட்டையே இல்லாமல் எழுத வேண்டும். தகப்பனார் பெயர், பிறந்த வருஷம், கிளீனராக வேலைபார்த்த லாரி ஆபீஸ், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் எழுதினாள். “பள்ளி மினிபஸ் குளத்தில் கவிழ்ந்த அன்று ஒன்பது பிள்ளைகளைத் தன் கையால் மீட்டவர், அதில் வலது கை தோளுக்கு மேலே எழாமல் போனவர்.” யாரும் வேறு எதையும் நுழைக்க இடமில்லாதபடி வார்த்தையை நெருக்கி நெருக்கி வைத்தாள். இத்தனை வருஷமாகப் பிறருக்கு வாசகம் அடித்தவள், முதன்முறையாக ஒரு அஞ்சலியைப் பிழையில்லாமல் உண்மையாக அடித்தாள், செத்தார் என்ற ஒரு சொல்லைத் தவிர.

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, அண்ணனைக் கடையின் பின்னறையில் உட்காரவைத்துப் பதிவைப் போட்டாள்.

“ஆழ்ந்த இரங்கல்” என்று வந்தது. கைகூப்பும் படங்கள் வந்தன. எதிர் டீக்கடைக்காரர் எழுதினார், “தினமும் என் கடையில் டீ குடித்த நண்பர். இழப்பு.” ஜன்னல் வழியே பார்த்தால் அவர் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் எழுதுவதே தெரிந்தது. எழுதி முடித்துவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவினார். சாலையைத் தாண்டினால் முப்பது தப்படி. வந்து, உடம்பு எங்கே வைத்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எழுதிவிட்டால் துட்டி கேட்டதாக ஆகிவிடும் என்று எப்போதோ ஊர் முடிவுசெய்திருந்தது. எப்போது என்று ராஜகனிக்கு ஞாபகமில்லை.

“குளத்தைப் பத்தி எவனும் சொல்லுதானா?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பின்னறையிலிருந்து கேள்வி வந்தது.

“இரு, வரும்.”

வந்தது. எழுதியவன் பரோடாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் இந்த ஊர்ப் பையன். பஸ்ஸில் இருந்த பிள்ளைகளில் ஒருவனுக்குத் தம்பி. “நம் ஞானசிகாமணி சார் குளத்திலிருந்து தூக்கிக் காப்பாற்றிய பிள்ளைகளில் தவசி அண்ணனும் ஒருவர். சார் போன துக்கத்தில் இவரும் போய்விட்டார்.”

ராஜகனி பெயருக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி இல்லை. அவளுக்கு அந்தப் பையனைத் தெரியும். அவன் கல்யாண பிளக்ஸ் அவள் அடித்ததுதான்.

அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் அதையே திரும்ப எழுதினார்கள். விபத்தின்போது தவசிக்கு இருபத்தைந்து வயது என்பது மேலே அஞ்சலியில் எழுதியிருந்த வருஷத்தைப் பார்த்தாலே தெரியும். யாரும் கணக்குப் போடவில்லை. அவர்களுக்குக் கதை முடிந்துபோயிருந்தது. வாத்தியாரும் தூக்கப்பட்ட பிள்ளையும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள்.

“என்னட்டி சத்தத்தைக் காணோம்?”

அவள் படித்துக் காட்டினாள். மறைத்திருக்கலாம். ஆனால் மறைத்தால் அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

தவசி எழுந்து கதவருகே வந்து நின்றான். பிறகு, “என்னையுமா தூக்கினான் அந்த மூதி?” என்றான். சிரிக்க முயன்றதுபோல இருந்தது. ராஜகனியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் சொன்னதைக் கேட்காமல் கீழே இறங்கிப் போய் இடது கையால் ஷட்டரைத் தூக்கினான். “செத்தது போதும்” என்று சொல்லி, ஸ்டாண்டு வாசலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், “என்ன தவசி, நீரு செத்துட்டீருன்னாவளே?” என்று அங்கிருந்தே கத்தினான். “ஆமால. சட்னி நல்லா இல்லன்னு திரும்பி வந்துட்டேன்” என்று இவனும் கத்தினான்.

சுரண்டையிலிருந்து வரும் முதல் பஸ் வந்து நின்றது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். ஒரு கையில் ரோஜா மாலை, மறு கையில் கோடி வேட்டி. இறங்கும்போதே முந்தானையை வாயில் வைத்து, “யண்ணே, போயிட்டீரா யண்ணே” என்று அழுதுகொண்டே ஸ்டாண்டைப் பார்த்து ஓடிவந்தாள். நாலு எட்டில் நின்றாள். தவசி இட்லியும் கையுமாக அவளைப் பார்த்தான்.

“நீரு சாகலியா?”

“ஒனக்கு என்ன வருத்தமா?”

அவள் மாலையைக் கீழே போட்டுவிட்டு அவனை ஏச ஆரம்பித்தாள். “வீட்டுல சொல்லாம, சோறு பொங்காம, அடிச்சுப் பிடிச்சு ஓடிவந்திருக்கேன்! வெளையாட்டு மயிரா ஒமக்கு? செத்தேன்னு எழுதிப் போட்டா அறிவு வேண்டாம்?” ஏசும்போதே அழுகையும் நிற்கவில்லை. மாடியிலிருந்து ராஜகனி ஓடி இறங்கி வந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“நீங்க யாரு?”

“முப்பிடாதி. பஸ்ஸுல இருந்தவ.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கல்யாணத்துக்கு அப்புறம் நான் இந்தப் பக்கம் வரல.”

தவசி அவளை உற்றுப் பார்த்தான். “நாட்டாமைக்காரர் மவளா? ஒன் கல்யாணத்துக்கு நான் வந்தேனே.”

“வந்தீரு” என்றாள் அவள். குரல் மாறியது. “குடிச்சிட்டு வந்தீரு. மேடையில ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அம்புட்டுப் பேரு முன்னால, ‘இவ என் கையில கெடந்த உசிரு, இந்தக் கையாலதான் தூக்கினேன்’னு கையை நீட்டிக் காட்டினீரு. எங்க மாமியா அன்னைக்கே கேட்டா, எங்கன பிடிச்சுத் தூக்கினான்னு. கிளீனரு பய தொட்ட பொண்ணுன்னு இருவது வருஷமாக் கேக்குதேன். ஒம்ம பேரை அந்த வீட்டுல சொல்ல முடியாது.”

“ஆசீர்வாதம் பண்ணத்தான் வந்தேன்” என்றான் தவசி. இட்லி கையிலேயே இருந்தது.

“தெரியும்ணே. எனக்குத் தெரியும்.” அவள் ராஜகனியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “அந்த வாத்தியாரு படம் வந்துச்சு. யாருன்னு தெரியல. எல்லாரும் ஏதேதோ எழுதினாவ. எனக்கும் சொல்லணும்போல இருந்துச்சு. முப்பது வருஷமா நெஞ்சுக்குள்ள வச்சிருக்கேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வாத்தியாருன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. பொம்பளைப் புள்ளைய வாத்தியாரு தூக்கலாம். அதான் எழுதிட்டேன். ஒம்மள நெனச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். பேரு மட்டும் அவருது.”

ராஜகனிக்கு அப்போதுதான் புரிந்தது. ரோஜாப்பூ படம். இத்தனை நாள் அந்த வரியை எழுதியது யார் என்று எத்தனை விதமாகத் தேடியிருக்கிறாள். ஊக்கி புள்ளியை மறைத்துவிட்டதோ என்றுகூட ஃபர்ஹானாவோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் யாரும் அந்த நன்றியைத் திருடவில்லை. இவள் கொண்டுபோய், கிடைத்த ஓட்டையில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

“அப்ப நன்றி எனக்குத்தானா?” என்று கேட்டான் தவசி. சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

“பின்ன யாருக்கு? தண்ணிக்குள்ள என் சடையைப் பிடிச்சு இழுத்தது வாத்தியாரா? வலி தாங்காம நான் கையைக் கடிச்சேனே, அது வாத்தியாரு கையா?”

“கடிச்சது நீயா!” தவசி எழுந்தே விட்டான். “எந்தப் புள்ளன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒன்பதுல ஒண்ணு கடிச்சுது. கண்ணாடி கிழிச்சதைவிட அதுதான்ளா வலிச்சுது.”

முப்பிடாதி அழுதுகொண்டே சிரித்தாள். ராஜகனி கைப்பேசியை எடுத்து நீட்டினாள். “இதை அப்படியே எழுதுங்க. சடை, கடி, எல்லாத்தையும். உங்க பேர்லயே எழுதுங்க. இதுக்கு மேல யாரும் மறுக்க முடியாது.”

முப்பிடாதி கண்ணைத் துடைத்துவிட்டு அதை வாங்கினாள்.

“வேண்டாம்” என்றான் தவசி.

“எண்ணே, அவளே எழுதுதேங்கா. இதுக்குத்தானே நீ செத்தே?”

“எழுதுவா. மத்தியானத்துக்குள்ள அந்தக் கண்ணாடிக்கார வாத்தியாரு மவன் வந்து, அப்பா கையில கடிபட்ட தழும்பு இருந்துச்சுன்னு நன்றி சொல்லுவான். ஊரு ஆமாம்பாவ. இது ஒண்ணுதான் அவங்கிட்ட இல்ல. இதையும் கொண்டு குடுக்கச் சொல்லுதியா?”

அவன் சொன்னது அப்படியே நடக்கும் என்று ராஜகனிக்குத் தெரிந்தது. அந்த நன்றியில் என்ன சொற்கள் இருக்கும் என்பதைக்கூட அவளால் சொல்லிவிட முடியும்.

“அப்ப நான் என்னண்ணே செய்ய?” என்றாள் முப்பிடாதி.

“வாயால சொல்லு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். சுரண்டை பஸ் இன்னும் புறப்படவில்லை. அதன் நடத்துநர் அவள் கணவனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. காலையில் டிக்கெட் கொடுக்கும்போதே எங்கே இந்த நேரத்தில் என்று கேட்டிருந்தான். இப்போது படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெல்ல, உதடு மட்டும் அசைவதுபோல, “தவசிக்கனி அண்ணன்தான் என்னைத் தூக்கினாவ” என்றாள்.

“எனக்குக் கேட்டுச்சு” என்றான் தவசி. “இவ்வளவுதான் முடியும்னா இது போதும். நீ போய் ஒன் வீட்டைப் பாரு பிள்ள. நெசமாத்தான் சொல்லுதேன்.”

அவன் உட்கார்ந்து, ஆறிப்போன இட்லியைப் பிட்டான். முப்பிடாதி போகவில்லை. கொஞ்சநேரம் தன் கையிலிருந்த கோடி வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அவன் மடியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சாவு வீட்டில் ஒப்பாரிக்கு எடுக்கும் குரலை எடுத்தாள். இரண்டு தெரு தாண்டிக் கேட்கும்.

“தவசிக்கனி அண்ணன்தான் என்னைத் தூக்கினாவ!”

பஸ் ஜன்னல்களில் தலைகள் திரும்பின. நடத்துநர் வாயிலிருந்து விசிலை எடுத்தான். டீக்கடையில் யாரோ, “என்னவாம்?” என்றார்கள். படியிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வந்த நடத்துநர், “மதினி, என்ன பேசுதிய நீங்க? எப்படித் தூக்கினான்?” என்று கேட்டான்.

அவள் சொன்னாள்.